திருவிழாவுக்குப் போகும் யாளி

மேடைக்குத் தைக்கும் வேடம் ஐந்து நிமிடம் தாங்கினால் போதும். மாறுவேடப் போட்டியில் குழந்தை மேடை ஏறும், இரண்டு வாக்கியம் சொல்லும், கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். ஊக்கு குத்தினாலும், ஒட்டிய ஜிகினா பெயர்ந்தாலும் சரிசெய்ய அம்மா பக்கத்திலேயே நிற்பாள். திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போகும் வேடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நாலைந்து மணி நேரம் அது குழந்தையோடு வெயிலில் அலைய வேண்டும். தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட வேண்டும், தோளில் ஏறிச் சாமி பார்க்க வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும், கடைசியில் தூங்கிவிட்டால் அப்பாவின் தோளில் கசங்கவும் வேண்டும். ஆகவே இந்த அத்தியாயத்தில் வேடத்தை முதலில் உடையாகவே பார்ப்போம். போட்டுக்கொண்டு வாழ முடியாத வேடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் அம்மாவின் பைக்குள் போய்விடும்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பிள்ளைகள் வேடமிட்டு வருவது அங்கே புதிதல்ல. மாசி வீதிகளில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் மீனாட்சியாகவும் கண்ணனாகவும் முருகனாகவும் குழந்தைகள் நடந்து போவார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் சல்லடமும் உருமாலும் கட்டித் தண்ணீர் பீய்ச்சும் பெரியவர்களுக்கு நடுவே, அதே உடையில் பொடிப் பையன்களையும் பார்க்கலாம். அவை வேண்டுதலோடு வருபவை. அவற்றுக்கென்று முறையும் விரதமும் உண்டு. அவற்றைத் தைத்துப் பழகிய கைகளும் மதுரையில் உண்டு. புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்கள்தான் அவர்கள். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. சாமி வேடம் வேண்டுமென்றால் அவர்களிடம் போவதுதான் சரி. வீட்டில் நாம் தைக்கப்போவது விளையாட்டு வேடம்: சித்திரைப் பொருட்காட்சிக்கு, பள்ளிக்கூடத்துச் சந்தைக்கு, ஊர்க் கொடையின் கடைவீதிக்குப் போட்டுக்கொண்டு போவது.

என்ன வேடம் என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். ஆனால் கடையில் தொங்கும் நாலு வேடங்களைத் தாண்டி யோசிக்க அதற்கு ஏதாவது காட்ட வேண்டும். அதே புதுமண்டபத்தின் தூணில் பின்னங்காலை ஊன்றி எழுந்து நிற்கும் யாளியைக் காட்டுங்கள். சிங்கத்தின் உடம்பு, யானையின் துதிக்கை, பிதுங்கிய கண், சுருள் சுருளான பிடரி. இதைவிடப் பெரிய மாய விலங்கு எந்தக் கதையிலும் கிடையாது. அன்னம், கின்னரர், மகரம், பெருத்த வயிற்றோடு உத்தரத்தைத் தாங்கும் பூதகணம் என்று நம் கோயில் முழுக்க மாதிரிகள் இருக்கின்றன. பார்த்துவிட்டு வந்து குழந்தை ஒரு படம் வரையட்டும். அந்தப் படத்தில் அது எதைப் பெரிதாக வரைந்திருக்கிறதோ அதற்குத்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும். வாலைப் பெரிதாக வரைந்த பிள்ளைக்கு வால்தான் யாளி.

அடிச்சட்டை

எந்த வேடமானாலும் அடியில் ஒரு தொளதொள பருத்திச் சட்டையும் எலாஸ்டிக் வைத்த பைஜாமாவும் இருக்கட்டும். சிறகு, வால், மேலங்கி எல்லாம் அதன்மேல் மாட்டிக் கழற்றுபவை. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. குழந்தைக்குப் புழுங்கினால் மேலே இருப்பதைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். மிச்சம் ஒரு நல்ல சட்டையோடு அது விளையாடப் போகும்.

கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடையாகத் தைத்து முதுகில் ஜிப் வைப்பதை நான் ஒப்புவதில்லை. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையால் அதைத் தானாகக் கழற்ற முடியாது. வாடகைக்கு வரும் வெல்வெட் உடைகளில் பெரும்பாலும் இந்தக் குறை இருக்கிறது. உள்ளே லைனிங்கும் இருக்காது. ஜரிகையின் முனைகள் கழுத்தையும் அக்குளையும் அறுக்கும்.

ஆறு வயதுக் குழந்தைக்குச் சுமார் 24 அங்குல மார்பளவு என்று வைத்துக்கொண்டால், சட்டை சுற்றளவு 30 அங்குலம் இருக்கட்டும். ஆறு அங்குலம் தாராளம் அதிகமாகத் தோன்றும். காற்று போக அது வேண்டும். 36 அங்குல அகலப் பாப்ளின் அல்லது ரூபியா 2 மீட்டர் வாங்கினால் சட்டை, பைஜாமா இரண்டும் வந்துவிடும். வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, தேய்த்துவிடுங்கள். தைத்த பிறகு சுருங்கும் பருத்தியை ஒன்றும் செய்ய முடியாது. கழுத்தைச் சற்று அகலமாக விட்டு க்ராஸ் பட்டி அடியுங்கள். பட்டன், கொக்கி எதுவும் இல்லாமல் தலைவழியே இறங்கட்டும். கை முழங்கைவரை போதும். பைஜாமாவின் அடியில் இரண்டு அங்குலம் மடித்து வைத்தால் அடுத்த வருடம் பிரித்து விடலாம்.

சட்டையின் உள்பக்கம், இடுப்புக்கு மேல், ஒரு சிறு பை தையுங்கள். அதற்கு மூடியும் வேண்டும். உங்கள் தொலைபேசி எண்ணை வெள்ளைத் துணித்துண்டில் அழியாத மையில் எழுதி அந்தப் பைக்குள் ஓரம் மடித்துத் தைத்துவிடுங்கள். காகிதத்தில் எழுதினால் வியர்வையில் கரையும். திருவண்ணாமலை தீபம்போன்ற பெருங்கூட்டங்களில் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் எண் எழுதிய பட்டை கட்டிவிடுவது இதற்காகத்தான். எண் உள்ளேதான் இருக்க வேண்டும். குழந்தையின் பெயரை வெளியே தெரியும்படி எழுதவே கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடும் யாரோடும் குழந்தை போய்விடும்.

துணி பார்த்து வாங்குதல்

மதுரையில் விளக்குத்தூண் பக்கமும் பத்துத்தூண் சந்திலும் துணிக்கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. பனியன் துணிக்குத் திருப்பூர் காதர்பேட்டை, ஈரோட்டில் ஜவுளிச் சந்தை, சென்னையில் கோடவுன் தெரு. ஆனால் வேடத்துக்கு முதல் கடை உங்கள் வீட்டு அலமாரிதான். பழைய சேலை, ஜாக்கெட் பிட், சாயம் மங்கிய டி-சர்ட், கிழிந்த வேட்டி எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு, குறைவதை மட்டும் வாங்குங்கள். பழைய துணிக்கு இன்னொரு நன்மை உண்டு: சுருங்க வேண்டியது சுருங்கி, சாயம் போக வேண்டியது போய், குழந்தையின் தோலுக்கு இதமாக இருக்கும்.

புதுத் துணி வாங்கினால் இரண்டு சோதனை செய்யுங்கள். ஓரத்திலிருந்து நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாடையோடு சாம்பலாகிப் போனால் பருத்தி. சுருண்டு உருகிக் கருமணியாக இறுகினால் பாலியஸ்டர். கடைக்காரர் காட்டன் என்று சொன்னது இரண்டும் கலந்ததா என்பதும் அப்போது தெரிந்துவிடும். அடுத்தது சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சித்திரையில் இது மிக முக்கியம். அழகருக்குப் பீய்ச்சும் தண்ணீர் உங்கள் பிள்ளைமேலும் படும், நீர்மோர் சிந்தும், வியர்வை ஊறும். சாயம் போகும் சிவப்புத் துணி வெள்ளைச் சட்டைமேல் கிடந்தால் சாயங்காலம் சட்டை ரோஸ் நிறமாகியிருக்கும்.

தண்ணீரை நினைத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சார்ட் அட்டையும் பசையும் வைத்துச் செய்யும் வேடம் நனைந்தவுடன் முடிந்துபோகும். முடிந்தவரை எல்லாவற்றையும் தைத்தே பொருத்துங்கள். விறைப்பு வேண்டிய இடத்தில் ஜாக்கெட் கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸ் வையுங்கள். பள்ளிக்கூட அறைக்குள்ளேயே முடிந்துவிடும் விழாவானால், பருத்தித் துணியை ஜவ்வரிசிக் கஞ்சியில் கெட்டியாக முக்கி, ஒரு கிண்ணத்தின்மேல் கவிழ்த்துக் காயவைத்துத் தேய்த்தால் காது, மடல் எல்லாம் அப்படியே நிற்கும். செலவே இல்லாத வித்தை இது; நனையாதவரை அருமையாக இருக்கும்.

மந்திரக்காரர் மேலங்கி

தையலில் புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். ஒரு மாலை வேலை.

அரைவட்டமாக வெட்டும் மேலங்கிதான் நடக்கும்போது நன்றாக விரியும். கழுத்து வளைவு 13 அங்குலம் வேண்டுமானால் அதன் ஆரம் 4 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. அதிலிருந்து கீழே 28 அங்குல நீளம். மொத்தம் 32 அங்குல ஆரத்தில் அரைவட்டம். 36 அங்குல அகலத் துணியில் ஒன்றே முக்கால் மீட்டர் போதும். துணியின் கரையோரத்து நடுப்புள்ளியில் நூலைக் குத்திப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸ் துண்டைக் கட்டி வளைத்து வரைந்தால் வட்டம் பிசகாது. வெட்டியதும் ஓரம் அடிக்க அவசரப்பட வேண்டாம். ஓர் இரவு கொடியில் தொங்கவிடுங்கள். அரைவட்டத்தில் சில பகுதிகள் க்ராஸாக விழுவதால் அவை தொங்கத் தொங்க இறங்கும். காலையில் ஏற்ற இறக்கத்தைச் சமமாக வெட்டி, பிறகு கால் அங்குலம் மட்டும் மடித்து ஓரம் அடியுங்கள். வளைவில் அகலமாக மடித்தால் சுருக்கம் விழும்.

பழைய சேலையில் தைப்பதென்றால் அரைவட்டம் வேண்டாம். வளைத்து வெட்டினால் சேலையின் கரை வீணாகிவிடும். அதற்குப் பதிலாக 2 மீட்டர் நீளத்தை அப்படியே எடுத்து, கரை கீழே வரும்படி 30 அங்குல உயரத்துக்கு வெட்டி, மேல்விளிம்பில் இரண்டு வரிசை பெரிய தையல் ஓட்டி, 13 அங்குலத்துக்குச் சுருக்கிப் பட்டி வையுங்கள். எனக்கு மிகப் பிடித்தது கருநீலச் சுங்குடி. மதுரைக்கே பேர்போன துணி, வெயிலுக்கு ஏற்ற மெல்லிய பருத்தி. அதன் வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரமாக நின்றுவிடும். ஜிகினா ஒட்ட வேண்டிய வேலையே இல்லை. புதுச் சுங்குடியானால், அலசும் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசிவிட்டுத் தையுங்கள்.

மேலங்கியில் கழுத்தைச் சுற்றி நாடா வைத்துக் கட்டவே கூடாது. பின்னால் யாராவது மிதித்தாலோ, கம்பியில் மாட்டினாலோ அந்த முடிச்சு நேராகக் குழந்தையின் தொண்டையை இறுக்கும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுத்துக் கட்டும் கயிறு வைக்கக் கூடாது என்று ஐரோப்பியத் தர விதியே இருக்கிறது. பட்டியின் இரு முனைகளையும் அடிச்சட்டையின் தோள்களில் ஒரு அங்குல வெல்க்ரோ துண்டால் ஒட்டவையுங்கள். மென்மையான பக்கம் சட்டையில் இருக்கட்டும், சொரசொரப்பான பக்கம் மேலங்கியில். தைத்து முடித்ததும் குழந்தைக்குப் போட்டுவிட்டு, பின்னாலிருந்து ஒரு கையால் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். குழந்தை அசையாமல் மேலங்கி மட்டும் கையோடு வந்தால் சரி. வராவிட்டால் வெல்க்ரோவைப் பாதியாக வெட்டுங்கள்.

மயில் சிறகு

கடைச் சிறகுகள் கம்பி வளைத்து நெட் ஒட்டியவை. கூட்டத்தில் அந்தக் கம்பி பக்கத்துக் குழந்தையின் கண்ணுயரத்தில் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பியில்லாத சிறகுதான் இங்கே. கையை விரித்தால் விரியும், தொங்கவிட்டால் உடம்போடு ஒட்டிவிடும்.

பிடரியிலிருந்து மணிக்கட்டுவரை அளந்து, அதை ஆரமாக வைத்து ரூபியாவில் ஓர் அரைவட்டம் வெட்டுங்கள். ஆறு வயதுக்கு 18 அங்குலம் இருக்கும். அரை மீட்டருக்குச் சற்று மேல் துணி போதும். நேர் விளிம்பு கைகளின்மேல், வளைவு முதுகில். நேர் விளிம்பின் நடுவில் கழுத்துக்கு ஒரு சிறு குழி வெட்டிப் பட்டி வைத்து, சட்டையின் பின்கழுத்தில் வெல்க்ரோ. மணிக்கட்டுகளில் தளர்ந்த எலாஸ்டிக் வளையம். எலாஸ்டிக்கின் தடம் தோலில் பதியக் கூடாது.

இறகுகளைப் பழைய ஜாக்கெட் துணிகளில், 3 அங்குல அகலமும் 5 அங்குல நீளமுமாக வேப்பிலை வடிவில் வெட்டுங்கள். துணியை க்ராஸாக வைத்து வெட்டினால் ஓரம் அதிகம் பிரியாது. அத்தனை இறகுக்கும் ஓரம் அடிக்க நினைத்தால் தைப்பவருக்கு வெறுத்துவிடும். கீழ்வரிசையை முதலில் தையுங்கள், அடுத்த வரிசை அதன் தலையை மூடும்படி மேலே, அப்படியே கழுத்துவரை. ஒவ்வொரு இறகையும் தலைப்பக்கம் மட்டும் தைத்தால் நுனி காற்றில் ஆடும். நீலம், பச்சை, தவிட்டு நிறம், நடுவில் ஒரு சொட்டு மஞ்சள். மயிலிறகை உண்மையில் எடுத்து வைத்துப் பார்த்தால் தவிட்டு நிறம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்; அதை விட்டுவிட்டு வெறும் நீலமும் பச்சையும் போட்டால் கிளியாகிவிடும்.

யாளி

இது இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்கும். பாதி வேலை கைத்தையல்.

முகமூடி செய்யாதீர்கள். கண்ணுக்கு ஓட்டை போட்ட முகமூடிக்குள் குழந்தைக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விடுகிறது, மூச்சு அனலாகத் திரும்புகிறது, பத்தாவது நிமிடம் அது முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறது. பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் அந்த இடத்திலேயே நாம் யாளியின் முகத்தை வைத்துவிடலாம். பழைய பருத்தி கேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீளும் அதன் விளிம்பு யாளியின் மேல்தாடை. அதன் அடியில் தெரியும் குழந்தையின் முகம் யாளி வாய்க்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். கண்ணுக்கு நிழலும் கிடைக்கும். தொப்பியின் உச்சித் துணியை வட்டமாக வெட்டியெடுத்து அங்கே நெட் வைத்துத் தைத்தால் தலை வேகாது.

துதிக்கைக்கு 12 அங்குல நீளத்தில், அடியில் மூன்றரை அங்குலமும் நுனியில் ஒன்றரை அங்குலமும் வரும்படி இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். நல்ல பக்கங்களை உள்ளே வைத்து ஒரு ஓரத்தைச் சாதாரணமாகத் தையுங்கள். மறு ஓரத்தில் 6 அங்குல நீளமும் கால் அங்குல அகலமும் உள்ள எலாஸ்டிக்கை, துணியின் 12 அங்குலமும் வரும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். இதற்கு இன்னொருவர் கை உதவினால் நல்லது. திருப்பி எடுத்துத் தளர்வாகப் பாலியஸ்டர் பஞ்சு அடைத்தால், எலாஸ்டிக் இருக்கும் பக்கமாகத் துதிக்கை தானே சுருண்டுகொள்ளும். அந்தப் பக்கத்தை மேலே வைத்துத் தொப்பி விளிம்பின் அடிப்பாகத்தில் இரட்டை நூலில் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். துதிக்கை மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், கண்ணை மறைக்காது. இறுக்கிப் பஞ்சு அடைத்தால் சுருளாது. தொப்பியும் முன்னால் சாயும்.

விளிம்பின் ஓரத்தில் வெள்ளைத் துணியில் பல் வரிசை. நாடாவை முக்கோணம் முக்கோணமாக மடித்துத் தைத்தாலே பல் வந்துவிடும். இரு கோடியிலும் சுண்டுவிரல் பருமனில் பஞ்சடைத்த தந்தம். கண் பிதுங்கியிருந்தால்தான் யாளி: வட்டத் துணியின் ஓரத்தில் நூல் ஓட்டி, பஞ்சு வைத்து இழுத்து முடிந்தால் எலுமிச்சை அளவில் உருண்டை வரும். கருவிழியைக் கறுப்பு நூலில் நிரப்புத் தையலாகப் போடுங்கள். பட்டன், மணி வைப்பது சுலபம்தான். ஆனால் வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் அது பிய்ந்து அவர்கள் வாய்க்குப் போகும்.

பிடரிக்கு இரண்டு பழைய டி-சர்ட். பனியன் துணியை அகலவாக்கில் ஒரு அங்குலப் பட்டைகளாகக் கிழிக்காமல் கத்தரித்து, ஒவ்வொன்றையும் இரு கையால் இழுத்துவிட்டால் ஓரம் சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும். சிற்பத்தில் இருக்கும் சுருள் பிடரி இதுவே. 8 அங்குல நீளத்துக்கு வெட்டி, நடுவில் பிடித்து, நாடாவில் நெருக்கி வைத்துத் தையுங்கள். அப்படி மூன்று நாடா. தொப்பியின் பின்பக்கம் கீழிருந்து மேலாக மூன்று வரிசை. காதை மூட வேண்டாம். நீங்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டும். பனியன் துணிக்குப் பந்துமுனை ஊசி இருந்தால் தையல் விட்டுப்போகாது. கால்மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் என்றால், தைக்கும்போது துணியை லேசாக இழுத்துக்கொண்டு தையுங்கள்; போடும்போது நூல் அறாது.

வாலும் துதிக்கை வித்தையேதான், 16 அங்குலம், நுனியில் பிடரிப் பட்டைகளில் ஒரு குஞ்சம். அதைப் பைஜாமாவில் தைக்காமல், இடுப்பில் கட்டும் அகலத் துணிப்பட்டையில் வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கினால் வாலை ஊரே மிதிக்கும்.

நிறம் எது என்று கேட்பவர்களுக்கு: தூணில் இருக்கும் யாளிக்குக் கல்லின் நிறம், கோபுரத்தில் ஏறிய யாளிக்குப் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் உண்டு. குழந்தை வரைந்த படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நாலு கால் யாளிதான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாக இருந்தால் பொய்க்கால் குதிரையைப் பாருங்கள். அந்தக் குதிரைக் கூட்டின் எடை ஆடுபவரின் தோளிலிருந்து பட்டையில் தொங்குகிறது. அதனால்தான் கையும் காலும் விடுதலையாக இருக்கின்றன. மூங்கில் பிளாச்சில் சிறு கூடு கட்டி, காடாத்துணி போர்த்தி, தோளில் குறுக்காக இரண்டு பட்டை கொடுத்தால் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை சுமக்கும். ஆனால் அது பள்ளி மைதானத்துக்கு மட்டும். மாசி வீதிக் கூட்டத்தில் அவ்வளவு அகலமான குழந்தையை நகர்த்த முடியாது.

ராட்டினம், தீ, கூட்டம்

ராட்டினத்தில் ஏறும் முன் மேலங்கி, சிறகு, வால், தொப்பி எல்லாம் கழற்றப்பட வேண்டும். பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்கி நேரும் விபத்துகளை நாம் கேள்விப்பட்டபடியே இருக்கிறோம். ராட்டினமும் சுற்றும் இரும்புதான். கழற்ற மறுக்கும் பிள்ளையிடம் இதை வீட்டிலேயே பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு பேசினால் அழுகையில்தான் முடியும்.

அழகர் திருவிழாவில் திரி ஏந்தி ஆடிவருபவர்கள் உண்டு. கற்பூரம், பட்டாசு, பலகாரக் கடையின் அடுப்பு எல்லாம் குழந்தையின் உயரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நெட் துணியில் காற்று புகுந்து தீ மளமளவென்று ஏறும். பருத்தியும் பற்றி எரியும் என்பதை மறக்க வேண்டாம். ஒட்டாது என்பதே அதில் உள்ள ஆறுதல். ஆகவே பறக்கும் பகுதி எதுவும் நெட்டில் வேண்டாம், கை அகலத் தொங்கல் வேண்டாம், தீ தெரியும் இடத்தில் சிறகும் மேலங்கியும் உங்கள் பையில் இருக்கட்டும். மேலே உள்ளது உடனே கழன்றுவர வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகத்தில் ஜிகினாத் தூள் பூசாதீர்கள்; வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும். காலில் பழகிய செருப்பு. புதுச் செருப்பு கடித்தால் எந்த யாளியும் நடக்காது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு முழு வேடத்தையும் போட்டு வீட்டுக்குள் விளையாட விடுங்கள். சம்மணமிட்டு உட்காரட்டும், மாடிப்படி ஏறி இறங்கட்டும், தோசை சாப்பிடட்டும், தானாகக் கழிப்பறைக்குப் போய் வரட்டும். எங்கே சொறிகிறது, எதை இழுத்து இழுத்து விடுகிறது என்று கவனியுங்கள். வாயால் எதுவும் சொல்லாத பிள்ளையின் கை சொல்லிவிடும். சொறிகிற இடத்தில் தையல் பிசிறு இருக்கும். உள்ளே மெல்லிய க்ராஸ் பட்டி வைத்து மூடுங்கள். கிளம்பும் பையில் வேடத்தின் நிறத்தில் நூல் கோத்த ஊசி ஒன்று, நாலு ஊக்கு, மாற்றுச் சட்டை, தண்ணீர்.

மறுநாள் வேடத்தைத் துவைக்காமல் மடித்து வைக்க வேண்டாம். வியர்வை காய்ந்த துணியில் கறை ஏறும், பூச்சியும் வரும். அடிச்சட்டையும் மேலங்கியும் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். தொப்பியையும் வாலையும் முக்கியெடுத்து, பஞ்சு நன்றாகக் காயும்வரை இரண்டு நாள் கொடியில் விடுங்கள். சிறகை மடிக்காமல் பழைய வேட்டியில் சுருட்டி வையுங்கள். வெல்க்ரோ துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி மூடிவிட்டால் மற்ற துணிகளில் பட்டு இழையைப் பிய்க்காது. அடுத்த வருடம் எடுக்கும்போது பைஜாமாவின் மடிப்பைப் பிரித்து விட்டால் போதும். தலை பெரிதாகியிருந்தால் தொப்பியை மட்டும் மாற்றி, அதே பிடரி நாடாக்களையும் துதிக்கையையும் பிரித்துப் புதுத் தொப்பியில் தைத்துக்கொள்ளலாம்.